கடைக்கு வரும் குழந்தையும் கையில் கொடுக்கும் செல்போனும்



வரி, உரிமம், எடைக்கல் முத்திரை, பருப்பு விலை நிலவரம் என்று எழுதுவதுதான் என் வழக்கம். இந்த முறை மூன்று வயதுப் பிள்ளை ஒருவனைப் பற்றி எழுதுகிறேன். கடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சம்பந்தம் உண்டு. அதில் என் தவறும் உண்டு.

2025 பங்குனியில் ஒரு புதன்கிழமை. மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் சிறிய மளிகைக் கடை நடத்தும் ஒரு தாய், மதுரையில் உள்ள என் கடைக்குக் கொள்முதலுக்கு வந்திருந்தார். வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் கூடவே அழைத்து வந்துவிட்டார். சிட்டை போட்டாயிற்று. குடோனிலிருந்து துவரம்பருப்பு வந்து சேரத் தாமதம். பிள்ளை முதலில் மல்லி மூட்டையின் சணலைப் பிடித்து இழுத்தான், பிறகு அழ ஆரம்பித்தான். நான் போனில் ஒரு தரகரோடு விலை பேசிக்கொண்டிருந்தேன். "ஏம்மா, புள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கக் கூடாதா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னேன்.

அந்தத் தாய் உடனே பையிலிருந்து செல்போனை எடுத்து, பொம்மைப் படம் ஒன்றைப் போட்டுப் பிள்ளை கையில் கொடுத்தார். மந்திரம் போட்டதுபோல அழுகை நின்றது. முக்கால் மணி நேரம் மூட்டையில் சாய்ந்தபடி கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். கடை அமைதியாயிற்று. எனக்கும் நிம்மதி.

சரக்கு ஏற்றி முடிந்ததும், புறப்படுவதற்காகத் தாய் போனை வாங்கினார். அவ்வளவுதான். பிள்ளை அலறிக்கொண்டு தரையில் விழுந்து புரண்டதில் கல்படியில் நெற்றி இடித்து ரத்தம் வந்துவிட்டது. லோடுமேன் ஓடிவந்து தூக்கினார். ஈரத்துணி வைத்து அழுத்திய பிறகு ரத்தம் நின்றது. பெரிய காயம் இல்லை. ஆனால் அந்தத் தாய் அழுதுகொண்டே சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது:

"நான் என்ன செய்ய, அண்ணாச்சி? பஸ்ஸுல அழுதா கண்டக்டர் சத்தம் போடுறாரு. பேங்க்ல அழுதா எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்குறாங்க. இங்க அழுதா நீங்க மூஞ்சியச் சுளிக்கிறீங்க. போனக் குடுக்காம வேற எதக் குடுக்க?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனை எடுத்துக் கொடுத்தது அந்தத் தாய்தான். எடுக்க வைத்தது என் முகச்சுளிப்பு.

அன்றைய கடையும் இன்றைய கடையும்

நான் ஐந்து வயதிலிருந்து அப்பாவின் கடையில் வளர்ந்தவன். அன்றைக்குக் கடை என்றால் சத்தம்தான். வண்டி மாட்டுச் சலங்கை, தரகர்களின் பேரம், மூட்டை விழும் ஓசை. அதற்கு நடுவே ஒரு பிள்ளை அழுதால் அது ஒரு பெரிய விஷயமாக யாருக்கும் தோன்றாது. யாராவது ஒருவர் தூக்கிக்கொள்வார். படியால் அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணுவது நம் வழக்கம் அல்லவா? நான் எண்ணிக்கை கற்றது பள்ளிக்கூடத்தில் அல்ல, அந்தப் படியில்தான்.

இன்று கடையில் கம்ப்யூட்டர் பில், ஜி.எஸ்.டி. கணக்கு. எல்லாவற்றுக்கும் அவசரம். 2016-க்குப் பிறகு இன்டர்நெட் டேட்டா விலை மிகவும் குறைந்தது. 2020 ஊரடங்கில் பள்ளிக்கூடமே செல்போனுக்குள் வந்துவிட்டது. ஆக, எல்லோர் பையிலும் போன் இருக்கிறது. பிள்ளை சிணுங்கினால் கை தானாகவே அதற்குப் போகிறது. ஓட்டலில், கல்யாண மண்டபத்தில், ஆஸ்பத்திரி வாசலில், ரயிலில் என்று எங்கும் இதையே பார்க்கிறோம்.

என் வீட்டுக் கதை

ஊருக்குச் சொல்லுமுன் என் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். 2023-ல் என் பேரனுக்கு இரண்டே கால் வயது. ஐந்தாறு சொற்களுக்கு மேல் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். குழந்தை மருத்துவரிடம் போனோம். முதலில் காது நன்றாகக் கேட்கிறதா என்று சோதிக்கச் சொன்னார். கேள்வியில் குறை இல்லை என்று தெரிந்ததும், "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன் பார்க்கிறான்?" என்று கேட்டார். மருமகள் தலை குனிந்தது. குனிய வேண்டிய தலை என்னுடையது. சாயங்காலம் கல்லாவில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கணக்குப் பார்க்கத் தொந்தரவு வேண்டாம் என்று தினமும் போனைக் கொடுத்தவன் நான்தான்.

பேச்சு தாமதமாவதற்குப் பல காரணங்கள் உண்டு, போன் ஒன்றையே காரணம் என்று சொல்லிவிட முடியாது என்றார் மருத்துவர். ஆனால் நம் கையில் இருக்கும் காரணத்தை முதலில் நீக்குங்கள் என்றார். "போனும் பேசுகிறது. ஆனால் பிள்ளை பதில் சொல்லக் காத்திருக்காது. மனிதர்கள்தான் காத்திருப்பார்கள்" என்று அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. வாடிக்கையாளர் பதிலுக்கு நிற்காமல் பேசிக்கொண்டே போனால் வியாபாரம் நடக்குமா?

போனை நிறுத்திய முதல் பத்து நாள் வீடு போர்க்களம். பிறகு மெல்ல அடங்கியது. ஆறேழு மாதத்தில் பேச்சு வர ஆரம்பித்தது. இன்று நான்கு வயதில் அவன் வாயை மூட வைப்பதுதான் கஷ்டம்.

மருத்துவ உலகம் சொல்வது

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. இரண்டு வயது நிரம்பும் வரை திரையே வேண்டாம். இரண்டு வயதிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைத்தால் நல்லது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் சங்கமான இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸின் வழிகாட்டுதலும் இரண்டு வயது வரை திரை வேண்டாம் என்கிறது. இரண்டிலிருந்து ஐந்து வயது வரை பெரியவர் உடன் இருக்க, ஒரு மணி நேரத்துக்குள் என்கிறது.

நம் விஷயத்துக்கு நேராகப் பொருந்தும் ஓர் ஆய்வும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2022 டிசம்பரில் வெளியிட்டது. மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 422 பிள்ளைகளின் பெற்றோரிடம் சில மாத இடைவெளிகளில் விசாரித்தார்கள். அழும் பிள்ளையை அமர்த்த அடிக்கடி போன் கொடுத்த வீடுகளில், பிள்ளையின் கோபமும் அடமும் பின்னர் கூடியிருப்பதாகத் தெரிந்தது. முக்கியமாக ஆண் பிள்ளைகளிடம். இது ஒன்றையே முடிவான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் என் கல்படியில் நடந்ததும் இதுதானே!

காரணம் எளியது. அழுகையை அடக்கிக்கொள்வதும், காத்திருப்பதும் பிள்ளை பழகிப் பழகிக் கற்க வேண்டிய வேலை. ஒவ்வொரு தடவையும் போன் வந்து அந்த வேலையைச் செய்துவிட்டால் பிள்ளை எப்போது கற்கும்? நம் பாஷையில் சொன்னால் இது கைமாற்று வாங்குவது போல. இன்றைய நெருக்கடி தீரும். அசல் அப்படியே நிற்கும், வட்டி ஏறும்.

எல்லா நேரமும் போன் விஷம் என்று நான் சொல்லவில்லை. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் அப்பாவோடு முகம் பார்த்துப் பேசினால் அது பேச்சுதான். ஊசி போடும்போதோ, நீண்ட பயணத்திலோ ஒரு நாள் கொடுத்தால் குடி முழுகிவிடாது. அழுதால் போன் என்பதே பழக்கமாகிவிடக் கூடாது. அதுதான் என் கவலை.

கடைக்காரர் செய்யக்கூடியது

இப்போது என் கடையில் செய்துவரும் மாற்றங்களைச் சொல்கிறேன். பெரிய செலவு எதுவும் இல்லை.

1. பிள்ளையோடு வருபவரின் பில்லை முதலில் முடிக்கிறோம். முடிந்தவர்கள் முந்தின நாளே வாட்ஸ்அப்பில் சரக்குப் பட்டியல் அனுப்பினால் கட்டித் தயாராக வைத்துவிடுகிறோம். காத்திருக்கும் நேரம் குறைந்தால் பாதி அழுகை குறைந்துவிடும்.

2. வெயில் படாத இடத்தில் ஒரு பெஞ்சும் தண்ணீர்ப் பானையும் வைத்திருக்கிறோம். பிள்ளை பெரும்பாலும் அழுவது தாகத்தாலும் கால் வலியாலும்தான்.

3. பிள்ளைக்கு ஒரு வேலை கொடுக்கிறோம். "இதில் உளுந்து எது, பாசிப்பயறு எது?" என்று மூட்டையைக் காட்டிக் கேட்டால் முகம் மலர்கிறது. காலி அட்டைப் பெட்டி இரண்டு கொடுத்தால் அரை மணி நேரம் வீடு கட்டும்.

4. தின்பதற்குக் கொடுப்பதில் எச்சரிக்கை வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு பிடி பொட்டுக்கடலையைக் கையில் திணிப்போம். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு நிலக்கடலை, பொட்டுக்கடலை போன்றவை மூச்சுக்குழாயில் சிக்கும் ஆபத்து உண்டு. பயறு மணியை விளையாடக் கொடுப்பதும் கூடாது. எதைக் கொடுத்தாலும் தாயைக் கேட்டே கொடுக்க வேண்டும்.

5. நம் வீட்டுப் பிள்ளையைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துப் போன் கொடுப்பதை நிறுத்த வேண்டும். வருகிற தாய்மார்கள் நம்மைப் பார்த்தும் பழகுகிறார்கள்.

6. போன் கொடுக்கும் தாய்க்கு நாலு பேர் முன்னால் புத்தி சொல்ல வேண்டாம். அவர் படும் பாடு அவருக்குத்தான் தெரியும். பிள்ளை அழுதால் முகம் சுளிக்காமல் இருந்தாலே போதும். கடைப் பையன்களுக்கும் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இதில் வியாபாரமும் இருக்கிறது. பிள்ளை பதற்றமில்லாமல் இருந்தால் தாய் சரக்கை நின்று பார்த்து, தரம் பார்த்து வாங்குவார். எந்தக் கடையில் பிள்ளைக்கு மதிப்பு இருந்ததோ அந்தக் கடைக்கே திரும்ப வருவார். ஆனால் வியாபாரத்துக்காக மட்டும் இதைச் செய்யச் சொல்லவில்லை. நம் கடையை நாளைக்கு நடத்தப் போகிறவனும் இந்தப் பிள்ளைகளில் ஒருவன்தான். மனிதர் முகம் பார்த்துப் பேசத் தெரியாதவன் கல்லாவில் எப்படி உட்காருவான்?

மேலூர்ப் பக்கத்துத் தாய் அடுத்த மாதமும் வந்தார். வராமல் போய்விடுவாரோ என்று எனக்குள் பயம் இருந்தது. "அன்னைக்கு நான் பேசினது தப்பும்மா" என்றேன். "பரவாயில்ல அண்ணாச்சி" என்றார். பிள்ளை நெற்றியில் தழும்பு லேசாகத் தெரிந்தது. அன்றும் அழுதான். லோடுமேன் அவனைத் தூக்கி மூட்டை மேல் உட்கார வைத்து, வண்டியில் ஏறும் மூட்டைகளை எண்ணச் சொன்னார். "லாபம்... ரெண்டு... மூணு..." மூன்றுக்கு மேல் அவனுக்கு வரவில்லை. மறுபடி லாபத்திலிருந்து தொடங்கினான். கடை அன்று அமைதியாக இல்லை. பில் போடுவதில் எனக்கு ஒரு தடவை கணக்கும் தப்பியது. திருத்திப் போட்டுக்கொண்டேன்.

மே 5 வணிகர் தின மாநாட்டுக்கு நாம் குடும்பத்தோடு போகிறோம். பிள்ளைகள் அங்கும் அழுவார்கள். மேடையில் பேசுகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும். பக்கத்தில் இருப்பவர் அந்தப் பிள்ளையைக் கொஞ்ச நேரம் தூக்கிக்கொள்ளட்டும். நம் முன்னோர் கடைகளில் அப்படித்தான் நடந்தது. நம் கடைகளிலும் அப்படியே நடக்கட்டும் என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.