பூட்டிய வீடு திறந்தது!

குழந்தைகளே, எங்கள் ஊர் பூந்தமல்லிக்குப் பக்கத்தில் உள்ள கரையான்சாவடி. 'சாவடி' என்றால் என்ன தெரியுமா? வழிப்போக்கர்கள் தங்கி இளைப்பாறும் இடம். நடந்தும் மாட்டு வண்டியிலும் வந்தவர்கள் சாவடியில் படுத்துறங்கி, விடிந்ததும் கிளம்புவார்கள். குடும்பங்கள் வாழ்ந்த வீடுகளே இப்படிச் சாவடியாக மாறிய ஊர்கள் சில இருக்கின்றன. பார்க்கப் போவோமா?

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியிருக்கிறது செட்டிநாடு. இங்குள்ள நகரத்தார்கள் பர்மா, இலங்கை, மலேயா என்று கப்பலேறிப் போய் வணிகம் செய்தார்கள். சம்பாதித்ததைக் கொண்டு சொந்த ஊரில் வீடு கட்டினார்கள். வீடா அது? முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்! முன்வாசலில் நின்றால் முற்றங்களைத் தாண்டிப் பின்வாசல் வரை நேராகத் தெரியும். இரண்டையும் திறந்து வைத்தால் காற்று பிய்த்துக்கொண்டு போகும். மின்விசிறிக்கு அங்கே வேலையில்லை.

தூண்களுக்குத் தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தைப் பல அடுக்காகப் பூசினார்கள். அதில் முட்டையின் வெள்ளைக்கரு கூடக் கலந்தார்கள். தொட்டால் வழுவழுவென்று சில்லென்றிருக்கும்.

தரைக்கு வருவோம். ஆத்தங்குடி கல் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஒரு கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைப்பார்கள். அதற்குள் பூ வடிவ அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு வண்ணச் சாந்தை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்துவார்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால் கண்ணாடி தனியாகக் கழன்றுவிடும். கண்ணாடியின் பளபளப்பு கல்லுக்கு வந்துவிடும்! சூளையும் கிடையாது, நெருப்பும் கிடையாது. எல்லாம் கை வேலைதான்.

இவ்வளவு அழகான வீடுகள் ஏன் பூட்டிக் கிடந்தன? 1942ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தது. அங்கிருந்த தொழில் நொறுங்கியது. பிள்ளைகள் பிழைப்புக்குச் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். தாத்தா கட்டிய ஒரு வீட்டுக்குப் பேரன், கொள்ளுப்பேரன் என்று பல பங்காளிகள். ஒரு ஓடு உடைந்தால் யார் மாற்றுவது? மழை இறங்கும், மரம் உளுக்கும், சுவரில் ஆலங்கன்று முளைக்கும். கடைசியில் வீட்டை இடித்து, கதவும் தூணும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போய்ச் சேரும். அப்படிப் போன வீடுகள் ஏராளம்.

சில குடும்பங்கள் வேறு வழி பார்த்தன. கானாடுகாத்தானில் ஒரு தந்தை தம் மகளுக்காகக் கட்டிய 'விசாலம்' என்ற வீடு, செப்பனிடப்பட்டு விருந்தினர் விடுதியானது. கொத்தமங்கலத்தில் 'சாரதா விலாஸ்' வீட்டைப் பிரான்ஸ் நாட்டுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் பழுது பார்த்து விடுதியாக்கினார்கள். 2014ல் செட்டிநாட்டு ஊர்கள், யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலிலும் இடம் பிடித்தன.

'பாட்டன் வீட்டில் ஊரான் காசு கொடுத்துத் தங்குவதா?' என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆள் தங்கினால் தினமும் பெருக்குவார்கள், உடைந்த ஓட்டை அன்றே மாற்றுவார்கள். சுண்ணாம்பு பூசும் கொத்தனாருக்கும் தச்சருக்கும் ஆத்தங்குடி கல் செய்பவருக்கும் கூலி கிடைக்கும். ஆனால் வாடகையைக் கேட்டால் நம்மைப் போன்றவர்களுக்குத் தலை சுற்றும், அது வேறு விஷயம்!

கவலை வேண்டாம். ஆத்தங்குடியில் ஒரு பெரிய வீட்டைக் கட்டணம் செலுத்திச் சுற்றிப் பார்க்கலாம். சென்னையில் இரவு ரயில் ஏறினால் விடியற்காலை காரைக்குடி. அங்கிருந்து ஆத்தங்குடி பக்கம்தான். அந்த வீட்டைப் பார்த்த கையோடு கல் செய்யும் பட்டறைக்கும் போங்கள். கண்ணாடியைக் கழற்றும் நேரம் பார்த்துப் போக வேண்டும், சரியா?