சொன்னது யார் என்று தேடும் அரசு

2023 செப்டம்பர் 19ஆம் திகதி காலை, பிரான்ஸின் உள்நாட்டு உளவுத்துறையான டி.ஜே.எஸ்.ஐ. அதிகாரிகள் அரியான் லவ்ரியூ என்ற பத்திரிகையாளரின் வீட்டுக்குப் போனார்கள். நீதிபதி ஒருவரும் கூடப் போயிருந்தார். வீட்டைச் சோதனை போட்டார்கள், கணினியைத் துருவினார்கள், அவரையும் காவலில் எடுத்தார்கள். 39 மணி நேரம் கழித்து, மறுநாள் இரவுதான் விட்டார்கள். அவர் பொய் எழுதினார் என்று யாரும் வழக்குப் போடவில்லை. பாதுகாப்பு இரகசியம் வெளியானது பற்றிய விசாரணை அது. அந்த இரகசியத்தை அவருக்குச் சொன்னது யார் என்பதே அரசுக்கு வேண்டியிருந்தது.

பாரிஸ் லாச்சப்பலில் தேத்தண்ணிக் கடையில் இந்தக் கதையை எடுத்தபோது, "உது பிரெஞ்சுக்காரரின்ர பிரச்சினை, எங்களுக்கு என்னண்ணை?" என்று ஒரு தம்பி கேட்டான். லெ பிளாங்-மெனிலில் எங்கள் கட்டடத்திலும் அப்படி நினைக்கிறவர்கள் பலர். அவர்கள் எல்லாருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன்.

லவ்ரியூவும் அவருடைய டிஸ்க்ளோஸ் ஊடகமும் 2021 நவம்பரில் வெளியிட்டது 'சிர்லி' என்ற இரகசிய நடவடிக்கையைப் பற்றி. 2016 பெப்ரவரியில் பிரெஞ்சு இராணுவ உளவுத்துறைக் குழு ஒன்று எகிப்துக்குப் போனது. லிபிய எல்லைப் பக்கத்துப் பாலைவனத்தின் மேல் வேவு விமானத்தில் சுற்றிப் பயங்கரவாதிகளைக் கண்டறிவதுதான் அதன் வேலை. ஆனால் அது கொடுத்த தகவலை வைத்து எகிப்திய விமானப்படை கடத்தல்காரர்கள் என்று சந்தேகித்த சாதாரண மக்களின் வாகனங்கள் மீது குண்டு போட்டது என்கின்றன டிஸ்க்ளோஸுக்குக் கிடைத்த இரகசிய ஆவணங்கள். 2016க்கும் 2018க்கும் இடையில் குறைந்தது 19 தாக்குதல்களில் பிரெஞ்சுத் தகவலுக்குப் பங்கிருந்தது என்று டிஸ்க்ளோஸ் எழுதியது.

போர்க்காலத்தில் இலங்கையின் வன்னியில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வானத்தில் 'வண்டு' என்று நாங்கள் சொல்லும் வேவு விமானம் இரையத் தொடங்கினால் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு எங்களைப் பங்கருக்குள் தள்ளுவார். வண்டு சுற்றிப் போன பிறகு குண்டு போடும் கிபிர் விமானம் வரும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வண்டு அனுப்பிய படத்தை எங்கேயோ ஒரு மேசையில் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே இருப்பது பள்ளிக்கூடமா முகாமா என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அப்படி மேசையில் இருக்கும் ஒருவர் மனம் பொறுக்காமல் வாய் திறந்தால்தான் உண்மை வெளியே வரும். சிர்லி விடயத்தில் யாரோ வாய் திறந்தார்கள். அவரைத்தான் பிரெஞ்சு அரசு தேடியது.

இது முதல் தடவையும் இல்லை. 2019 ஏப்ரலில் டிஸ்க்ளோஸ் யேமன் போர் பற்றிய இராணுவ உளவுத்துறைக் குறிப்பு ஒன்றை வெளியிட்டது. யேமன் எல்லையில் சவூதி அரேபியா 48 பிரெஞ்சு 'சீசர்' பீரங்கிகளை நிறுத்தியிருந்தது என்றும், அவற்றின் வீச்செல்லைக்குள் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்தார்கள் என்றும் அது சொன்னது. பிரெஞ்சு ஆயுதங்கள் அந்தப் போரில் நேரடியாகப் பயன்படுவதாகத் தனக்குத் தெரியாது என்று சில மாதங்களுக்கு முன்தான் பாதுகாப்பு அமைச்சர் புளோரன்ஸ் பார்லி வானொலியில் சொல்லியிருந்தார். அந்தக் குறிப்பை வெளியிட்ட பத்திரிகையாளர்களை லெவலுவா-பெரேயில் உள்ள டி.ஜே.எஸ்.ஐ. தலைமையகத்துக்கு விசாரணைக்கு அழைத்தார்கள்.

பிரான்ஸில் சட்டம் இல்லாமலில்லை. 1881ஆம் ஆண்டின் பத்திரிகைச் சுதந்திரச் சட்டத்தில், செய்தி தருபவரின் இரகசியத்தைக் காக்கும் பிரிவு 2010இல் சேர்க்கப்பட்டது. பொதுநலனுக்காக வேறு வழியே இல்லை என்ற நிலை வந்தால்தான் அதில் கைவைக்கலாம். அந்த 'பொதுநலன்' எது என்று சட்டம் தெளிவாக வரையறுக்கவில்லை. உளவுத்துறை நுழையும் ஓட்டை அதுதான். பாதுகாப்பு இரகசியத்தை வெளியிட்டால் 5 ஆண்டு சிறையும் 75,000 யூரோ அபராதமும் என்கிறது தண்டனைச் சட்டம்.

2025 ஜனவரியில் நீதிபதி லவ்ரியூ மீது குற்றம் சுமத்தாமல் விட்டார். நல்ல செய்திதான். ஆனால் தகவல் கொடுத்ததாகச் சந்தேகிக்கப்பட்ட முன்னாள் இராணுவ வீரர் ஒருவர் மீது ஏற்கெனவே குற்றம் சுமத்தப்பட்டிருந்தது. இனி ஓர் அலுவலகத்தில் அநியாயத்தைக் காணும் ஊழியர் பத்திரிகைக்குத் தொலைபேசி எடுப்பதற்கு முன் பல தடவை யோசிப்பார். அந்தப் பயத்தை விதைக்க ஒருவரைச் சிறையில் போடத் தேவையில்லை. 39 மணி நேரம் போதும்.

இந்தியாவிலும் இதைப் பார்த்தோம். பிரான்ஸிடம் ரஃபால் விமானம் வாங்கிய பேரம் பற்றி 2019இல் 'தி இந்து'வில் என். ராம் ஆவணங்களோடு எழுதினார். அவை திருடப்பட்டவை என்று உச்ச நீதிமன்றத்தில் வாதிட்ட அரசு, அலுவலக இரகசியச் சட்டத்தைக் காட்டி மிரட்டியது. ஏப்ரல் 10ஆம் திகதி நீதிமன்றம் அந்த ஆட்சேபத்தைத் தள்ளுபடி செய்தது. தகவல் தந்தவர்களைச் சொல்ல மாட்டேன் என்பதில் ராம் கடைசிவரை உறுதியாக நின்றார்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். 2009 ஓகஸ்டில் பிரித்தானியத் தொலைக்காட்சியான சனல் 4 இலங்கைப் போர் பற்றிய ஒரு காணொளியை ஒளிபரப்பியது. கண்களும் கைகளும் கட்டப்பட்டவர்களைச் சீருடைக்காரர்கள் சுட்டுக் கொல்லும் காட்சி அது. நாட்டைவிட்டு வெளியேறிய இலங்கைப் பத்திரிகையாளர்களின் அமைப்பு ஒன்றின் வழியாகத்தான் அது வெளியே வந்தது. போலி என்றது கொழும்பு. 2010 ஜனவரியில் ஐ.நா. நிபுணர் பிலிப் அல்ஸ்டன், அது உண்மையானதாகவே தெரிகிறது என்று அறிவித்தார். அது எந்தக் கைகளைத் தாண்டி வந்தது என்று அந்த அரசு தோண்டி எடுத்திருந்தால் அந்த மனிதரின் கதி என்ன? பெயர் காக்கப்படும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் அப்படிப்பட்ட சாட்சியங்கள் வெளியே வருவதில்லை. அகதி விண்ணப்பங்களை விசாரிக்கும் ஒஃப்ராவில் கதை சொன்ன எங்களில் எத்தனை பேரின் கோப்புகளில், ஊரில் நடந்ததற்கு ஆதாரமாகப் பத்திரிகைச் செய்திகள் இணைக்கப்பட்டிருந்தன!

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஊடகச் சுதந்திரச் சட்டம் 2025 ஓகஸ்டிலிருந்து முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. செய்தி தருபவரைக் கண்டுபிடிக்கப் பத்திரிகையாளரைத் தடுத்துவைப்பதற்கு அது கடும் நிபந்தனை போடுகிறது. பேச்சுவார்த்தையின்போது 'தேசியப் பாதுகாப்பு' என்ற விதிவிலக்கைக் கேட்ட நாடுகளில் பிரான்ஸ் முன்னால் நின்றது. எங்கள் பிள்ளைகள் இந்த நாட்டின் வாக்காளர்கள். அடுத்த தேர்தலில் வாசலுக்கு வருகிற வேட்பாளரிடம் வீட்டு வாடகையையும் ரயிலையும் பற்றிக் கேட்கிறபோது இதையும் கேட்கட்டும்: 2010 சட்டத்தின் அந்த ஓட்டையை அடைக்க நாடாளுமன்றத்தில் கை தூக்குவீர்களா?