கிளப்பில் சீட்டாட்டம்! கட்டியது புளியங்கொட்டை!

"கிளப்பில் சீட்டாட்டம்" என்றால் அடுத்த வரி என்ன என்று வாசகர்களுக்கே தெரியும். "போலீசார் சுற்றி வளைத்தனர். 7 பேர் கைது. ரொக்கம் பறிமுதல்." இதை நானே எத்தனையோ தடவை எழுதி இருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தி.நகரில் ஒரு மாடியில் நான் பார்த்த சீட்டாட்டம் வேறு ரகம்.

கல்லூரி மாணவர்களும் கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்களும் வாரம் ஒரு நாள் கூடி விளையாடும் கிளப் அது. பணம் வைத்து ஆடுவது கிடையாது. சுவர் முழுக்க வெளிநாட்டு ஆட்டப் பெட்டிகள். ஒவ்வொன்றும் பட்டுச்சேலைப் பெட்டி அளவு.

அன்று நல்ல மழை. பெரிய ஆட்டத்துக்கு ஆள் சேரவில்லை. இருந்தது 4 பேர்தான். 2 மாணவர்கள், நான், ஒரு மாணவரின் அப்பா. அவர் மளிகை மண்டியில் கணக்கு எழுதுகிறவர். மகனைக் கூட்டிப்போக வந்து மழையில் மாட்டிக் கொண்டார்.

மூலையில் கிடந்த பெட்டி

ஒரு மாணவர் பெரிய பெட்டிகளுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். சோப்பு டப்பாவை விடக் கொஞ்சம் பெரிய பெட்டி வந்தது. ஒரே தூசி!

"இதை யாரும் எடுக்கிறதே இல்லை சார். வெறும் நம்பர்தான் இருக்கு. சின்னப் பிள்ளைங்க எண் படிக்கிற அட்டைன்னு நினைச்சோம்" என்றார்.

பெயர் "நோ தேங்க்ஸ்." அதாவது "வேண்டாம், நன்றி." ஜெர்மனிக்காரர் தோர்ஸ்டன் கிம்லர் உருவாக்கியது. 2004-ல் வெளிவந்தது.

உள்ளே 3 முதல் 35 வரை 33 சீட்டுகள். ராஜா, ராணி யாரும் இல்லை. கூட இருக்க வேண்டிய வில்லைகளில் பாதியைக் காணோம். கீழே மெஸ்கார அம்மாவிடம் கேட்டுப் புளியங்கொட்டை வாங்கி வந்தார்கள். ஆளுக்கு 11.

கணக்குக்காரர் மட்டும் கையைக் கட்டிக் கொண்டார்.

"நான் சீட்டைத் தொட்டு 9 வருஷம் ஆச்சு தம்பி. ரம்மியில வீட்டுக்காரி செயின் போச்சு. அன்னிக்குப் பண்ணின சத்தியம்" என்றார். மகன் தலையைக் குனிந்து கொண்டான்.

ரம்மி திறமை ஆட்டம்தான் என்று 1967-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லி இருக்கிறதே என்றேன்.

"கோர்ட்டு சொல்லலாம். செயின் திரும்பி வரலியே!"

"காசு கிடையாதுப்பா. கொட்டைதான்" என்றான் மகன். கடைசியில் உட்கார்ந்தார்.

வேண்டாம், வேண்டாம்

9 சீட்டை யாரும் பார்க்காமல் ஒதுக்கி விட வேண்டும். மீதி 24. ஒரு சீட்டைத் திறந்ததும் அதை எடுத்துக் கொள்ளலாம். இல்லை என்றால் ஒரு கொட்டையை அதன் மேல் வைத்து, "வேண்டாம்" என்று பக்கத்து ஆளிடம் தள்ளலாம். எடுக்கிறவருக்குச் சீட்டோடு கொட்டைகளும் சொந்தம்.

சீட்டில் இருக்கும் எண் அவ்வளவும் கடன் மாதிரி. கையில் இருக்கும் கொட்டைக்கு ஒன்று வீதம் அதில் கழியும். கடைசியில் யாருக்குக் குறைவோ அவருக்கு ஜெயம். 28, 29, 30 என்று வரிசையாகச் சேர்ந்தால் 28 மட்டும்தான் கணக்கு. அதனால் 29-க்காகக் காத்துக் கிடப்போம். அது ஒதுக்கிய 9-ல் போயிருந்தால்? திண்டாட்டம்தான்!

33-ம் நம்பர் திறந்தது. யாருக்கும் வேண்டாம். இரண்டு சுற்று வந்து விட்டது. மூன்றாவது சுற்றில் மாணவர்கள் இருவரும் ஆளுக்கு ஒரு கொட்டை வைத்தார்கள். கணக்குக்காரர் மூடி இருந்த கையைத் திறந்தார். காலி! வேறு வழி இல்லாமல் 33-ஐ எடுத்தார்.

"பார்த்தீங்களா தம்பி? கையில ஒண்ணும் இல்லாதவன் எதையும் வேண்டாம்னு சொல்ல முடியாது. அன்னிக்கும் இப்படித்தான் ஆச்சு" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஆனால் சீட்டோடு 10 கொட்டை வந்ததே! அடுத்துத் திறந்தது 32. அவருக்கு மட்டும்தான் அது லாபம். உடனே எடுப்பார் என்று பார்த்தால், ஒரு கொட்டையை வைத்து நகர்த்தி விட்டார். நாங்கள் 3 பேரும் ஆளுக்கு ஒன்று வைத்தோம். சுற்றி வந்ததும் அப்படியே அள்ளிக் கொண்டார்!

"நடுவில் யாராவது எடுத்திருந்தால்?" என்று கேட்டேன்.

"32-ஐ எவன் எடுப்பான்? வாங்குற மூஞ்சி எது, வாங்காத மூஞ்சி எதுன்னு மண்டியில தினம் பார்க்கிறேனே!"

ஒரு ஆட்டம் 20 நிமிஷத்தில் முடிந்தது. அவர்தான் ஜெயித்தார். நான் கடைசி. மறுபடியும், மறுபடியும் ஆடினோம். மழை விட்டதைக் கூட யாரும் கவனிக்கவில்லை.

அவருடைய செல்போன் அடித்தது. வீட்டில் இருந்து. எடுத்தவர், "இங்கேதான்... சீட்டு..." என்று இழுத்து விட்டு, போனை மகனிடம் கொடுத்தார். மகன், "அம்மா, அப்பா ஜெயிச்சிட்டாரும்மா!" என்று கத்தினான்.

அவ்வளவுதான். அவர் போனைப் பிடுங்கிக் கொண்டு செருப்பை மாட்டினார். "இல்லம்மா... சொல்றதைக் கேளு... புளியங்கொட்டைம்மா..." என்ற குரல் படி இறங்கித் தெரு வரைக்கும் போயிற்று.