மளிகைக் கடைப் பையன் எழுப்பிய நகரம்

புதுச்சேரிக் கடற்கரைக்குப் போகிறவர்கள் தூப்ளே சிலையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. "இவர்தானே இந்த ஊரை உண்டாக்கியவர்?" என்று பலரும் நினைக்கிறார்கள்.

இல்லை!

தூப்ளே இங்கே கவர்னராக வந்தது 1742-ம் ஆண்டில். அதற்கு 68 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வியாபாரி இங்கே வந்து இறங்கினார். பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியை உருவாக்கியவர் அவர்தான். அவர் பெயர் பிரான்சுவா மார்த்தேன்.

வீட்டை விட்டு விரட்டப்பட்டவர்

மார்த்தேன் 1634-ம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை பணக்கார வியாபாரி. ஆனால் முறைப்படி மணந்த மனைவிக்குப் பிறந்த பிள்ளை அல்ல மார்த்தேன். எனவே, தந்தை இறந்ததும் அவருக்கு வீட்டில் இடம் இல்லாமல் போயிற்று.

பிழைக்க வேண்டுமே! ஒரு மளிகைக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். மீன் விற்கும் பெண் ஒருத்தியைக் காதலித்து மணந்தார். அதனால் அந்த வேலையும் போயிற்று.

அந்தச் சமயத்தில் பிரான்சு நாட்டில் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கப்பட்டது. அது நடந்தது 1664-ல். கம்பெனியில் சிறிய வியாபார உத்தியோகம் ஒன்று மார்த்தேனுக்குக் கிடைத்தது. மறு ஆண்டே மனைவி மக்களைப் பிரிந்து கப்பல் ஏறினார். மடகாஸ்கர் தீவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, சூரத்துக்கு வந்தார்.

அவர் தம் மனைவியின் முகத்தை மறுபடியும் பார்க்கச் சுமார் 20 ஆண்டுகள் ஆயின!

கடற்கரையில் ஒரு கையளவு இடம்

அந்நாளில் புதுச்சேரிப் பகுதி பீஜப்பூர் சுல்தானின் ஆட்சியில் இருந்தது. அவர் சார்பில் ஷேர்கான் லோடி என்பவர் வாலிகொண்டாபுரத்தில் இருந்துகொண்டு அதிகாரம் செலுத்தினார். அவர்தான் பிரெஞ்சுக்காரர்களுக்குப் புதுச்சேரியில் இடம் கொடுத்தார். மார்த்தேன் 1674-ல் இங்கே வந்து சேர்ந்தார்.

அதே ஆண்டில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக்கு அருகே சாந்தோமைப் பறிகொடுத்தார்கள். சோழமண்டலக் கடற்கரையில் அவர்களுக்கு இருந்த ஒரே நம்பிக்கை புதுச்சேரிதான். மார்த்தேனுடன் இருந்த பிரெஞ்சுக்காரர்களோ மிகச் சிலர். கம்பெனியிலிருந்து பணமும் ஒழுங்காக வரவில்லை.

ஆனால் மார்த்தேனுக்குக் கடை வியாபாரம் தெரியும். நல்ல சரக்கு எங்கே உண்டோ அங்கேதான் வியாபாரம் வளரும் என்பதும் தெரியும். இந்தப் பக்கத்துச் சரக்கு, தறியில் நெய்த துணி. அதற்கு வெளிநாட்டில் நல்ல கிராக்கி இருந்தது.

துணி வேண்டும் என்றால் நெசவாளர்கள் வேண்டும். அவர்களிடம் பேசி, முன்பணம் கொடுத்து, சொன்ன நாளில் சரக்கு வாங்க நம்பிக்கையான தமிழர் வேண்டும். அதற்காகத் தானப்ப முதலியார் என்ற வியாபாரியை அழைத்துக்கொண்டார். பிற்காலத்தில் தூப்ளேயிடம் துபாஷாக இருந்த கனகராய முதலியார், அவர் வழிவந்தவரே.

சிவாஜி வந்தார்

1677-ல் சத்ரபதி சிவாஜி பெரும்படையுடன் தெற்கே வந்தார். ஷேர்கான் லோடி தோற்று ஓடினார். இடம் கொடுத்தவரே போய்விட்டார். இனி பிரெஞ்சுக்காரர் கதி என்ன?

மார்த்தேன் கத்தியை எடுக்கவில்லை. காணிக்கைகளுடன் சிவாஜியிடம் ஒரு தூதரை அனுப்பினார். யார் பக்கமும் சாயாமல் வியாபாரம் செய்கிறோம் என்று சொல்லி அனுப்பினார். சிவாஜி அவர்களை இங்கேயே இருக்க அனுமதித்தார்.

ஆனால் டச்சுக்காரர்களைச் சமாளிக்க முடியவில்லை. 1693-ல் அவர்கள் 19 கப்பல்களுடன் வந்து புதுச்சேரியை வளைத்துக்கொண்டார்கள். மார்த்தேனிடம் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் நூறு பேர்கூட இல்லை. சில நாட்களில் ஊரை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. 19 ஆண்டு உழைப்பு கைவிட்டுப் போயிற்று. அப்போது அவருக்கு வயது 59.

வேறொருவராக இருந்தால் ஊருக்குத் திரும்பியிருப்பார். மார்த்தேன் திரும்பவில்லை. வங்காளத்துச் சந்திரநாகூருக்குப் போய்க் காத்திருந்தார்.

1697-ல் ஐரோப்பாவில் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. புதுச்சேரியைத் திருப்பிக் கொடுக்க டச்சுக்காரர்கள் சம்மதித்தார்கள். ஆனால் தாங்கள் கட்டிய கட்டடங்களுக்கு 16,000 வராகன் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்! 1699-ல் மார்த்தேன் மீண்டும் புதுச்சேரியில் கால் வைத்தார்.

இன்று நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும் தெருக்களைப் பார்த்து வியக்கிறோம் அல்லவா? அந்த அமைப்புக்கு முதல் திட்டம் போட்டவர்கள் அந்த டச்சுக்காரர்கள்தான். மார்த்தேன் பகைவன் போட்ட திட்டம் என்று அதை ஒதுக்கிவிடவில்லை. ஊர் அதன்படியே வளர்ந்தது.

ஊர் என்பது எது?

1701-ம் ஆண்டில் மார்த்தேனுக்கு ஒரு சோதனை வந்தது.

இந்துக்களின் கோயில் வழிபாட்டை ஒடுக்க வேண்டும் என்று சேசு சபைப் பாதிரிமார்கள் வற்புறுத்தினார்கள். மார்த்தேனும் அதற்கு இணங்கிவிட்டார். செய்தி பரவியதும் ஊர் கொதித்தது. நெசவாளர்கள், வியாபாரிகள், வேலைக்காரர்கள் எல்லோரும் மூட்டை கட்டத் தயாரானார்கள். "ஊரை விட்டே போய்விடுகிறோம்" என்றார்கள்.

மார்த்தேன் யோசித்தார். தறி ஓடாவிட்டால் துணி ஏது? துணி இல்லாவிட்டால் கப்பல் எதற்கு? மக்கள் போய்விட்டால் மிஞ்சுவது மதில் சுவர் மட்டும்தானே!

அவர் விட்டுக்கொடுத்தார். மக்கள் ஊரிலேயே இருந்தார்கள்.

தூப்ளேயின் காலத்தில், 1748-ல், வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. 13 ஆண்டுகள் கழித்து, 1761-ல், ஆங்கிலேயர்கள் இந்த நகரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

கோட்டை போயிற்று, தெரு இருக்கிறது

மார்த்தேன் தம் கடைசி ஆண்டுகளில் ஐந்து கொத்தளங்கள் கொண்ட கோட்டை ஒன்றைக் கட்டினார். பிரெஞ்சு மன்னர்களின் குலத்தில் வந்த லூயி என்ற புனிதரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. இன்று பாரதி பூங்கா இருக்கும் பகுதியில் அது இருந்தது. 1706 ஆகஸ்டில் அதன் புனிதச் சடங்கு நடந்தது. அதே ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி மார்த்தேன் கண் மூடினார். அவர் உடல் கோட்டைக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டது.

1761-ல் ஆங்கிலேயர் இடித்தவற்றில் அந்தக் கோட்டையும் ஒன்று.

தூப்ளேக்குக் கடற்கரையில் சிலை இருக்கிறது. மார்த்தேனுக்கு அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. அடுத்த முறை அந்தத் தெரு வழியாகப் போகும்போது, பெயர்ப் பலகையைக் குழந்தைகளுக்குக் காட்டி, எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.

மளிகைக் கடையில் எடுபிடியாக இருந்த ஒருவர், ஊர் என்பது மதில் அல்ல, மக்கள்தான் என்று தெரிந்துகொண்ட கதையையும் சொல்லுங்கள்.