உப்புக்காற்றில் ஓடும் எஞ்சின்

எல்எம்2500 என்ற கேஸ் டர்பைன் எஞ்சின் முழுத் திறனில் ஓடும்போது வினாடிக்குச் சுமார் 70 கிலோ காற்றை உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு உப்பு கலந்திருப்பதாக வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுங்கள். ஒரே மணி நேரத்தில் கால் கிலோ உப்பு எஞ்சினுக்குள் போய்விடும். அமெரிக்கக் கடற்படையின் ஆர்லி பர்க் வகை நாசகாரிக் கப்பல் ஒவ்வொன்றிலும் இத்தகைய எஞ்சின்கள் நான்கு. கப்பல் இருப்பதோ நடுக்கடலில். இந்த உப்போடு நாள்தோறும் மல்லுக்கட்டுகிறவர்கள்தான் கேஸ் டர்பைன் டெக்னீஷியன்கள்.

எல்எம்2500-இன் பூர்வீகம் ஆகாயம். சி-5 கேலக்ஸி என்ற ராட்சத ராணுவச் சரக்கு விமானத்துக்காக ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் உருவாக்கிய டிஎஃப்39 ஜெட் எஞ்சினின் வாரிசு அது. 1975 முதல் பணியில் சேர்ந்த ஸ்புரூயன்ஸ் வகுப்புக் கப்பல்களில் அமெரிக்கா இதைப் பொருத்தியது. அதற்கு முன்பு நீராவிக் கப்பல் புறப்பட வேண்டுமென்றால் கொதிகலன் சூடேறவே பல மணி நேரம் பிடிக்கும். டர்பைன் சில நிமிடங்களில் தயாராகிவிடுகிறது.

உள்ளே நடப்பது இதுதான். 16 அடுக்குகள் கொண்ட கம்ப்ரஸர் காற்றை நெருக்குகிறது. எரிஅறையில் எரிபொருள் பீய்ச்சப்பட்டு எரிகிறது. அந்த வெப்ப வாயு முதலில் 2 அடுக்கு டர்பைனைச் சுழற்றி கம்ப்ரஸரை ஓட்டுகிறது. பிறகு, தனியாக நிற்கும் 6 அடுக்கு டர்பைன் ஒன்றின்மேல் பாய்கிறது. கப்பலை நகர்த்துவது இந்த இரண்டாவது டர்பைன்தான். இரண்டுக்கும் நடுவே தண்டு ஏதும் கிடையாது. வெறும் வாயுவின் உந்துதல் மட்டுமே. நிமிடத்துக்கு 3,600 சுற்று வரை போகும் அதன் வேகத்தைப் பெரிய பற்சக்கரப் பெட்டி வெகுவாகக் குறைத்து புரொப்பெல்லருக்குத் தருகிறது. டர்பைனைப் பின்பக்கமாகச் சுழற்ற முடியாது. ஆகவே கப்பல் பின்னால் போக வேண்டுமானால் புரொப்பெல்லர் இதழ்களின் கோணத்தைத் திருப்புகிறார்கள்.

இந்த அமைப்புக்குள் உப்பு இரண்டு விதமாகக் கெடுதல் செய்கிறது. கம்ப்ரஸர் இதழ்களில் படிந்தால் அவற்றின் நுட்பமான வளைவு மாறி, காற்று சீராக வழுக்கிப் போகாது. அதே திறனைப் பெற அதிக எரிபொருள் செலவாகும், எஞ்சின் கூடுதலாகச் சூடாகும். டர்பைன் பகுதியில் நடப்பது இதைவிட மோசம். உப்பிலுள்ள சோடியமும் எரிபொருளிலுள்ள கந்தகமும் சேர்ந்து சோடியம் சல்பேட்டாகின்றன. அது 884 டிகிரி செல்சியஸில் உருகும். நிக்கல் உலோகக்கலவையால் ஆன டர்பைன் இதழைக் காப்பது அதன்மேல் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம். உருகிய உப்பு அந்தப் படலத்தைக் கரைத்துவிட்டு உலோகத்தைத் தின்னத் தொடங்கும். துரு என்று நாம் அறிந்ததைவிடப் பல மடங்கு வேகமான அரிப்பு இது.

காற்று வரும் வழியில் நீர்த்துளிகளைப் பிடிக்கும் வலைத் தடுப்புகள் உண்டு. ஆனால் உப்புக்கு இன்னொரு வாசல் இருக்கிறது, எரிபொருள் தொட்டி! இந்தக் கப்பல்களில் எரிபொருள் செலவாகச் செலவாக, கப்பலின் சமநிலை குலையாதிருக்க, அதே தொட்டிக்குள் கடல்நீரை ஏற்றுகிறார்கள். எண்ணெய் மேலே, கடல்நீர் கீழே. அதனால் எரிபொருளை மையவிலக்கு எந்திரத்தில் சுற்றித் தண்ணீரைப் பிரித்து, வடிகட்டி, மாதிரி எடுத்துப் பார்த்த பிறகே எஞ்சினுக்கு விடுகிறார்கள். கண்ணாடிக் குப்பியைத் தூக்கிப் பிடித்து, கலங்கல் இல்லாமல் பளிச்சென்று இருக்கிறதா என்று டெக்னீஷியன் பார்க்கும் அந்தப் பார்வையில் பல கோடி ரூபாய் எஞ்சினின் ஆயுள் அடங்கியிருக்கிறது.

எத்தனை தடுப்பு இருந்தாலும் கொஞ்சம் உப்பு உள்ளே வந்தே தீரும். அதற்குத்தான் எஞ்சின் குளியல். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, தீ மூட்டாமல் ஸ்டார்ட்டரால் மட்டும் சுழலவைத்து, சோப்புக் கரைசலை கம்ப்ரஸருக்குள் செலுத்துகிறார்கள். ஊறவிட்டு, தூய நீரால் அலசி, பிறகு எஞ்சினை ஓட்டி உலர்த்துகிறார்கள். அடுத்தது போர்ஸ்கோப் சோதனை. எஞ்சின் உறையிலுள்ள சிறு துளைகள் வழியே மெல்லிய கேமராக் குழாயை நுழைத்து, ஒருவர் ரோட்டரைக் கையால் மெல்லத் திருப்ப, இன்னொருவர் இதழ் இதழாகப் பார்க்கிறார். விரிசல், கருகல், விளிம்பு உடைதல் எதுவும் தப்பக் கூடாது. பொறுமையைச் சோதிக்கும் வேலை. கப்பலிலேயே மிகுந்த மதிப்புக்குரிய வேலைகளில் ஒன்று என்பேன்.

காற்றுப்பாதைக்குள் இறங்குவதற்கு முன் மோதிரம், பேனா, சட்டைப் பையிலுள்ள சில்லறை எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட வேண்டும். கொண்டுபோகும் கருவிகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, திரும்பும்போது மறுபடி எண்ணுகிறார்கள். மறந்து விட்டுப்போன ஒரு திருகாணி போதும், சுழலும் இதழ்களை வரிசையாகச் சிதைத்துவிடும். அப்படிப் பழுதானால் கப்பலின் உடலை வெட்ட வேண்டியதில்லை. காற்றுப்பாதைக்குள்ளேயே தண்டவாளம் பொருத்தி, கிரேனால் எஞ்சினை மேலே தூக்கிவிட்டு வேறொன்றை இறக்கலாம். விமான எஞ்சினின் எடை குறைவு இங்கே கைகொடுக்கிறது.

அமெரிக்கக் கடற்படையில் கேஸ் டர்பைன் டெக்னீஷியன் பணி இரு கிளைகளாக இருக்கிறது: எந்திரப் பகுதிக்கு ஒன்று, மின்சாரம் மற்றும் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு ஒன்று. காதைத் துளைக்கும் இரைச்சலிலும் புழுக்கத்திலும் முறைபோட்டு நின்று, எண்ணெய் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் அதிர்வையும் குறித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஓர் அளவு லேசாக ஏறத் தொடங்குவதை முன்கூட்டியே கவனித்துவிடுவதுதான் தேர்ந்தவரின் அடையாளம்.

2022 செப்டம்பரில் கொச்சியில் இந்தியக் கடற்படையில் சேர்ந்த விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலை ஓட்டுவதும் நான்கு எல்எம்2500 எஞ்சின்கள்தான். அவற்றைத் தொகுத்துத் தந்தது பெங்களூரு எச்ஏஎல் (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) நிறுவனம். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் படிக்கும் நம் டிப்ளமோ மாணவர்கள் கடற்படையின் தொழில்நுட்பப் பிரிவுகளைப் பற்றி ஒருமுறையேனும் விசாரித்துப் பார்க்க வேண்டும்.