ஆள் வந்தார், துறை வந்தது

1911-ல் முதல் மாணவர்கள் சேர்ந்தபோது, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இருந்தவை வேதியியலும் மின் தொழில்நுட்பமும்தான். இடத்துக்குக் குறைவில்லை, மைசூர் அரசு 371 ஏக்கர் கொடுத்திருந்தது. முதல் இயக்குநர் மோரிஸ் டிராவர்ஸ், ராம்சேயுடன் சேர்ந்து நியான், கிரிப்டான், செனான் வாயுக்களைக் கண்டுபிடித்தவர். இப்படிப்பட்டவர் தலைமையில் தொடங்கிய இடத்தில் பேராசிரியர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டது எண்ணெய் வித்துகளையும் சந்தனக் கட்டையையும் வைத்துத்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. மைசூர்ச் சந்தனம் கட்டையாகவே கப்பலேறி, ஜெர்மனியில் எண்ணெயாக வடிக்கப்பட்டு வந்தது. 1914-ல் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. கழகத்தின் சட்பரோவும் வாட்சனும் எண்ணெயை இங்கேயே வடிக்கும் முறையைச் சரிசெய்தார்கள். அரசு ஆலை வந்தது, பின்னாலேயே மைசூர் சந்தன சோப்பும் வந்தது. இதை ஆய்வு என்பதா, ஆலைக்குச் செய்த ஊழியம் என்பதா? நம் குளியலறை வரை வந்து சேர்ந்த ஆய்வு அதிகமில்லை என்பதால் நான் வாட்சன் பக்கம்.

1933-ல் சி.வி. ராமன் இயக்குநராக வந்தார். அதுவரை அங்கே இயற்பியல் துறை என்று ஒன்று இல்லை. அவர் வந்தார், துறையும் வந்தது. ஜெர்மனியை விட்டு வெளியேறியிருந்த இயற்பியலாளர் மாக்ஸ் பார்னை 1935-ல் வரவழைத்து, நிரந்தரமாக வைத்துக்கொள்ளவும் பார்த்தார், முடியவில்லை. பணம் எல்லாம் இயற்பியலுக்கே போகிறது என்று மற்ற துறைகள் குமுறின. அந்தக் குமுறலில் நியாயம் இருந்ததாகவே எனக்குப் படுகிறது. 1937-ல் இயக்குநர் பதவி போயிற்று. பேராசிரியராக 1948 வரை நீடித்தார். பெண்களைச் சேர்ப்பதில் அவருக்கிருந்த தயக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. கமலா பாகவத்தை முதலில் சேர்க்க மறுத்து, பிறகு ஓராண்டு சோதனை என்ற நிபந்தனையோடுதான் விட்டார்.

ஆனால் அதே ராமனின் கூடத்தில்தான் அன்னா மணி வைரங்களோடு மல்லுக்கட்டினார். வைரம் உமிழும் மங்கலான ஒளி ஒளிப்படத் தகட்டில் பதிய பதினைந்து, இருபது மணி நேரம் ஆகும். தகட்டை வைத்துவிட்டு ஆய்வகத்திலேயே படுத்துத் தூங்கிவிடுவார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி, அந்த உழைப்புக்கு முனைவர் பட்டம் கொடுக்க மறுத்தது சென்னைப் பல்கலைக்கழகம்.

ஹோமி பாபாவின் வருகை இன்னும் தற்செயல். விடுமுறைக்கு வந்தவர் இரண்டாம் உலகப் போரால் கேம்பிரிட்ஜ் திரும்ப முடியாமல் தங்கினார். காஸ்மிக் கதிர் ஆய்வு பிறந்தது. 1942-ல் மின்பொறியியல் படிக்க வந்த ஜி.என். ராமச்சந்திரனை ராமன் இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். ராமச்சந்திரன் சென்னைக்குப் போய் கொலாஜன் புரதத்தின் மூவிழைச் சுருளை விளக்கிவிட்டு, 1970-களின் தொடக்கத்தில் பெங்களூர் திரும்பியபோது மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவு முளைத்தது. மாதவ் காட்கில் வந்த பத்தாண்டில், 1983-ல், சூழலியல் மையம். காட்கிலின் மாணவரான சென்னைக்காரர் ராமன் சுகுமார், சத்தியமங்கலம் பக்கத்து மலைகளில் யானைகளின் பின்னால் நடந்தார். 1988-ல் முதுமலையில் ஐம்பது ஹெக்டேர் காட்டை வளைத்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டினார்கள். எது செத்தது, எது புதிதாக வந்தது என்று ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறார்கள்.

இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட துறைகளும் மையங்களும் இருக்கின்றன. ஒரு துறைக்காரர் செய்வதைப் பார்த்து அவர் எந்தத் துறை என்று சொல்லிவிட முடியாது. நிலவு மண்ணைப் போன்ற தூளோடு யூரியா, பாக்டீரியா, கொத்தவரை விதைப் பசை எல்லாம் சேர்த்துச் செங்கல் பிடிக்கும் வேலையை, இஸ்ரோவோடு சேர்ந்து செய்தவர்களில் இயந்திரப் பொறியியல் பேராசிரியரும் உண்டு. சி.வி. ராமன் காலத்தில் துறைக்குத் துறை கோட்டை கட்டிச் சண்டை போட்டவர்கள் இதை என்னவென்று எடுத்துக்கொண்டிருப்பார்களோ!

வரிசையும் மாறிவிட்டது. இப்போது முதலில் பணம் வருகிறது, பிறகு கட்டடம், அதன்பின் ஆள். இன்ஃபோசிஸ் கிரிஸ் கோபாலகிருஷ்ணன் குடும்பத்தின் 225 கோடியில் மூளை ஆய்வு மையம் தொடங்கியது. கோலார் மாவட்டம் ஸ்ரீநிவாசபுரத்துக் கிராமங்களில் 45 வயது தாண்டியவர்களின் நினைவாற்றலை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். அமைதியான, பொறுமையான வேலை. சொல்லப்போனால் முதுமலை மரக்கணக்கின் தம்பி. 2022-ல் பாக்சி தம்பதியரும் பார்த்தசாரதி தம்பதியரும் சேர்ந்து 425 கோடி தர, 800 படுக்கை மருத்துவமனையோடு மருத்துவப் பள்ளிக்குத் திட்டம் போட்டார்கள். மென்பொருளில் சம்பாதித்தவர்களின் பணம் மூளையையும் உடம்பையும் நாடிப் போவதில் ஆச்சரியமில்லை. ஆனால் யார் பணமும் நாடாத ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு ஒரு பேராசிரியர் வந்தால், அவருக்காக ஒரு துறை முளைக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

மருத்துவம் அங்கே புதிய எண்ணமும் அல்ல. 1898 டிசம்பர் 31 அன்று ஜாம்ஷெட்ஜி டாடாவின் குழு கர்சன் பிரபுவிடம் கொடுத்த கழகத் திட்டத்தில் மூன்று கிளைகள் இருந்தன: அறிவியலும் தொழில்நுட்பமும், மருத்துவம், தத்துவமும் கல்வியும். முதலாவது தொடக்கத்திலேயே வந்துவிட்டது. இரண்டாவதுக்கு 120 ஆண்டுகளுக்கு மேல் கழித்துப் பணம் கிடைத்திருக்கிறது. தத்துவத்துக்கு இன்னும் யாரும் காசோலை எழுதவில்லை.