பெயர் கேளாத சபை

கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், குடிவெறியில் இருப்பவனுக்குக் காரணங் காட்டித் தெளிவூட்ட முனைவதை, நீருள் மூழ்கியவனைத் தீவட்டி கொண்டு தேடுவதற்கு ஒப்பிட்டார். குடிகாரனைக் கணவனாகவோ மகனாகவோ கொண்ட வீட்டாருக்கு இவ்வுவமையின் உண்மையை எவரும் விளக்க வேண்டியதில்லை. கோயிலிலே செய்வித்த சத்தியமும் தாயின் கண்ணீரும் மறுநாள் மாலை வரையிலேதான் நிற்கின்றன.

ஆனால் வள்ளுவர் அதிகாரத்தை அவ்விடத்தில் முடித்தாரல்லர். தான் குடியாத வேளையிலே, குடித்து மயங்கிய வேறொருவனைக் காண்பவன் தன் சோர்வையும் எண்ணிப் பாரானோ என்று இறுதிக் குறளிலே வினவுகின்றார். போதனையால் ஆகாததை, ஒரு குடிகாரன் மற்றொரு குடிகாரனைக் காண்பது ஆக்கக்கூடும் என்னும் குறிப்பு அதிலே உண்டென நான் கருதுகிறேன். அக்குறிப்பை ஒத்ததோர் உண்மை அமெரிக்க நாட்டிலே செயல்வடிவம் பெற்ற வரலாறு அறியத்தக்கது.

1935-ஆம் ஆண்டு மே மாதம், நியூயோர்க்கைச் சேர்ந்த பங்குத் தரகர் பில் வில்சன் என்பவர், ஒரு வியாபார அலுவலாக ஓகையோ மாநிலத்து அக்றன் நகருக்கு வந்தார். வந்த காரியம் தோற்றது. அவர் குடியை விட்டு அப்போது ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. தங்கியிருந்த ஹோட்டலின் முன்கூடத்திலே ஒருபுறம் மதுச்சாலையின் கலகலப்பு, மறுபுறம் தொலைபேசி. அவர் தொலைபேசியை நாடினார். தேவாலயக் குருவானவர் ஒருவர் மூலமாகப் பலரை விசாரித்தார். தமக்குப் புத்தி சொல்ல ஒருவரை அவர் தேடவில்லை. தாம் பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்றே கேட்டார்.

அவ்வாறு கிடைத்தவர் அந்நகரத்துச் சத்திரசிகிச்சை வைத்தியர் ரொபேட் சிமித். பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்ற நிபந்தனையோடு மாலை 5 மணிக்கு வந்த வைத்தியர், இரவு 11 மணிக்குப் பின்னரே எழுந்து சென்றார். வில்சன் அவருக்கு உபதேசம் செய்யாமல் தமது கதையையே கூறியதுதான் காரணம். இடையில் ஒருமுறை இடறிய சிமித், அவ்வாண்டு ஜூன் 10-ஆந் திகதிக்குப் பின் குடிக்கவில்லை. 1950-இல் இறக்கும்வரை அவ்வாறே வாழ்ந்தார். 'அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்' என்னும் சபை அந்நாளையே தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகின்றது. பெயர் கூறாக் குடிநோயாளர் என்பது அதன் பொருள்.

உறவினர் ஒருவருக்குத் துணையாக இச்சபையின் கூட்டமொன்றுக்கு நான் சென்றதுண்டு. அங்கே கேட்டதை அங்கேயே விட்டுவருவது மரபாதலின், அக்கதைகளை இங்கே எழுதேன். நடைமுறையை மாத்திரம் கூறுவேன். கூட்டங்கள் இருவகை. திறந்த கூட்டத்துக்கு எவரும் போகலாம். மூடிய கூட்டம் குடியை விட விரும்புவோர்க்கு மட்டும் உரியது. அவ்விருப்பம் ஒன்றே அங்கத்துவத்துக்கு வேண்டிய தகுதி. கட்டணமில்லை. அங்கத்தவர் இயன்றதை இடுவதற்கு ஒரு தட்டு சுற்றிவரும். வெளியார் நன்கொடை ஏற்கப்படுவதில்லை. முழுப் பெயரைக் கேட்பார் இல்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. வாழ்நாள் முழுவதற்கும் சபதஞ் செய்யுமாறு எவரும் வற்புறுத்துவதில்லை. இன்று ஒருநாள் குடியாதிருந்தாற் போதும் என்பதே பாடம். புதியவர்க்குப் பழையவர் ஒருவர் துணைவராகின்றார். ஆசை மேலிடும் நேரத்திலே அவரை அழைக்கலாம். கடவுளைப் பற்றிய பேச்சும் உண்டு. ஆயினும் அதை அவரவர் தத்தம் கருத்துப்படி கொள்ளலாம்.

இத்தனை எளிதாயினும், வாசற்படி ஏறுவது எளிதன்று. குடித்து வீதியில் விழுந்தபோது வராத வெட்கம், குடியை விடப் போகும்போது வந்துவிடுகின்றது. யாரேனும் கண்டால் என்ன சொல்வார்கள் என்று பலர் ஒழுங்கை முகப்பிலேயே திரும்பிவிடுகின்றனர். உள்ளே அவரைக் காணக்கூடியவரும் அதே நோய்க்காக வந்தவரே என்பதை அவ்வேளையில் மனம் ஏற்பதில்லை. வீட்டார் முதல் நாள் வாசல் வரை உடன் செல்வது பேருதவியாகும். அவர்களுக்கென 1951-இல் தொடங்கிய 'அல்-அனொன்' என்ற தனிச் சபையும் உண்டு.

கூட்டம் எங்கே என்பதைச் சபையின் இணையத்தளத்திலே நாடுவாரியாக அறியலாம். கொழும்பிலே கூட்டங்கள் உண்டு. தமிழ்நாட்டிலே தமிழிலேயே நடைபெறுவன பல. இணையவழிக் கூட்டங்களும் இப்போது உள்ளமையால், தொலைவிலுள்ளோரும் பங்குபற்றலாம். ஒரு குழு மனத்துக்கு ஒவ்வாவிடின் வேறொன்றை நாடுவதில் தவறில்லை.

ஓர் எச்சரிக்கை. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தக் கலக்கமும் உண்டாகி உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே முதலில் வைத்தியரைக் காண்பது அவசியம். கூட்டம் மருந்துக்கு மாற்றன்று. ஆயினும் அதன் பயன் வெறும் நம்பிக்கையும் அன்று. 10,565 பேரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளை 2020-இல் ஒருங்கே பரிசீலித்த அறிஞர்கள், முறையாக இச்சபையின் வழியிலே சேர்க்கப்பட்டோரிடையே குடியை அறவே விட்டிருந்தோர் தொகை ஏனைய சிகிச்சை முறைகளிற் போன்றோ அவற்றினும் கூடியோ இருந்ததெனக் கண்டனர்.

அன்று அக்றன் நகரிலே வில்சன் பேசியது சிமித்துக்காக மட்டுமன்று. தாம் மீண்டும் குடியாதிருத்தற்காகவுமே. உதவுபவனுக்கும் உதவி தேவை என்ற இந்த உறவிலே மேலோன் கீழோன் இல்லை. இருவரோ மூவரோ ஒருமித்துக் கூடினாலே அது ஒரு குழுவாகும் என்பது சபையின் விதி. கூட்டமே இல்லாத நம் ஊர்களிலும் குடியை விட்டு மௌனமாக வாழும் ஒருவர் எங்கேனும் இருப்பார். அவரைத் தேடிப் பிடித்து, அருகில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டால், அவ்வூரிலும் கூட்டம் தொடங்கிவிடும்.